கல்குவாரிக் குழிகளும் நம் பிள்ளைகளும்

 

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடத்தை நெருங்கும் வழியில் சேரப்பணஞ்சேரி என்னும் ஊர் இருக்கிறது. ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த அந்த வட்டாரம் கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் முகம் மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்திலும் ஒரு பெரிய கார்த் தொழிற்சாலை எழுந்தது. அதன்பின் லாரி, மோட்டார் சைக்கிள், உதிரி பாகம் என்று ஆலைகள் வரிசையாக வந்து சேர்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த வட்டாரம் சோறு போடுகிறது. அல்லாஹ்வுக்கே புகழனைத்தும்!

ஆனால், இத்தனை ஆலைகளுக்கும் சாலைகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வேண்டிய ஜல்லியும் கருங்கல்லும் எங்கிருந்து வந்தன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓரிடத்தில் கட்டடம் உயரும்போது வேறோர் இடத்தில் பூமி தாழ்கிறது. சென்னையின் தெற்கு, மேற்குப் புறங்களில் திரிசூலம், பல்லாவரம், பம்மல், எருமையூர், சிக்கராயபுரம் என்று எங்கு சென்றாலும் அவ்வாறு தாழ்ந்த இடங்களைக் காணலாம். பாறையை வெடி வைத்துப் பிளந்து, வேண்டிய கல்லை எடுத்துக்கொண்டு, குத்தகைக் காலம் முடிந்ததும் விட்டுச் சென்ற குழிகள் அவை. மழைநீரும் ஊற்றுநீரும் நிரம்பி, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே பச்சையும் நீலமுமாக அந்த நீர் மின்னுகிறது. பார்ப்பதற்கு அழகுதான். அந்த அழகே இளைஞர்களை அங்கே இழுக்கிறது.

கைவிடப்பட்ட சுரங்கங்களையும் குவாரிகளையும் தேடிச் சென்று, உள்ளே இறங்கிப் பார்த்துப் படமெடுப்பது உலகெங்கும் இன்று ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. கைப்பேசியிலேயே கேமரா வந்துவிட்ட பிறகு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை பிறந்துவிட்டது. இதனை ஒரே சொல்லில் கண்டித்துவிட்டுப் போவது எளிது. கண்டிப்பதற்கு முன்னர், இந்த ஆர்வத்தில் நன்மை எது, தீமை எது என்று பிரித்தறிவது பெற்றோராகிய நம் கடமையாகும்.

குழியில் கிடைத்த வரலாறு

பழைய குழியைப் பார்க்கும் ஆர்வம் வீணானதன்று. நம் நாட்டின் கற்கால வரலாறே அப்படியொரு குழியிலிருந்துதான் வெளிப்பட்டது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியைப் பார்வையிட்டார். அங்கே ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி ஒன்று அவர் கண்ணில் பட்டது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதன்முதல் அறியப்பட்ட சான்று அதுவே. அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் கிடைத்தன. அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ல் வெளியான ஆய்வு நிறுவியது. சேரப்பணஞ்சேரிக்கு அண்மையில், ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டிலும் 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து கற்கருவிகளைக் கண்டெடுத்தது.

கல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் கிடைக்கும் கருநிறப் பாறைக்கு உலக நிலவியல் நூல்களில் சார்னோகைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராயிருந்து கல்கத்தாவில் அடங்கிய ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைப் பலகை இந்த வகைக் கல்லால் ஆனது. அதனால் அவர் பெயரே கல்லுக்கும் வந்தது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை அது. அதை நாம் ஓரிரு தலைமுறைக்குள் உடைத்துச் சாலையில் பரப்பிவிட்டோம். வெட்டிய பாறைச் சுவரை உற்றுப் பார்க்கும் மாணவன் படைத்தவனின் வல்லமையை அதில் காண்பான். அந்தப் பார்வையை நாம் தடுக்க வேண்டியதில்லை.

படமெடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். உயிருள்ளவற்றின் உருவங்கள் குறித்து நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் உருவம் வரைந்து பிழைத்த ஒருவரிடம், மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. எனவே பாறையையும் நீரையும் படமெடுப்பதில் தடை சொல்ல இடமில்லை. எங்கே நின்று எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம் என்பவையே நாம் கேட்க வேண்டிய வினாக்கள்.

பாரிஸ் கற்பித்த பாடம்

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸ் நகரின் அடியில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய கற்சுரங்கங்கள் ஓடுகின்றன. நகரத்து மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும் நூற்றாண்டுக் கணக்கில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த வழிகள் அவை. கல்லை எடுத்தவர்கள் மறைந்தனர். குழிகள் இருந்த இடமும் மறந்துபோயிற்று. மேலே வீடுகளும் வீதிகளும் எழுந்தன. 1774-ஆம் ஆண்டில் ஒரு வீதி அப்படியே உள்ளே சரிந்தது. அதன் பின்னரே அரசு விழித்துக்கொண்டது. கைவிடப்பட்ட சுரங்கங்களை அளந்து, வரைபடம் தீட்டி, தூண் கட்டித் தாங்குவதற்கென்றே 1777-ல் ஒரு தனித்துறை நிறுவப்பட்டது. இரண்டரை நூற்றாண்டுகள் கடந்தும் அத்துறை இயங்கி வருகிறது.

அந்தச் சுரங்கத்தில்தான் 1793-ல் பிலிபர் அஸ்பேர் என்னும் மருத்துவமனை வாயிற்காவலர் தனியே இறங்கினார். அவர் திரும்பி வரவில்லை. பதினோராண்டுகள் கழித்து 1804-ல் அவருடைய எலும்புக்கூடு கிடைத்தது. அருகில் கிடந்த சாவிக்கொத்தைக் கொண்டே இன்னார் என்று அடையாளம் கண்டார்கள். பதினோராண்டுகள் அவருடைய வீட்டார் எந்த நிலையில் காத்திருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

அதே நிலத்தடி வழிகளில் 1861-ஆம் ஆண்டளவில் நாடார் என்னும் புனைபெயர் கொண்ட புகைப்படக் கலைஞர் கேமராவுடன் இறங்கினார். மின்கலங்களைக் கொண்டு செயற்கை ஒளி உண்டாக்கிப் படமெடுத்தார். ஒரு படத்துக்கே 18 நிமிடம்வரை ஒளி தேவைப்பட்டது. அவ்வளவு நேரம் மனிதர் அசையாமல் நிற்க இயலாதாகையால், தொழிலாளர் இருக்க வேண்டிய இடத்தில் உடை உடுத்திய பொம்மைகளை நிறுத்தினார். நிலத்தடியை உலகுக்குக் காட்டிய தொடக்ககாலப் படங்கள் அவை.

ஒருவர் தனியே இறங்கினார், எவருக்கும் தெரியாமல் மாண்டார். மற்றொருவர் துணையாட்களும் விளக்கும் கருவியுமாகத் திட்டமிட்டு இறங்கினார். அவர் கொண்டுவந்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. இருவரும் சென்றது ஒரே நகரின் அடிப்பகுதிக்குத்தான். இன்றோ, பொதுமக்களுக்கெனத் திறந்த சிறு பகுதியைத் தவிர மற்ற வழிகளில் அனுமதியின்றி இறங்குவது அங்கே சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது.

கோலார் தங்கவயல்

நமக்கு நெருக்கமான நிலத்தடிச் சுரங்கம் கோலார் தங்கவயலாகும். 1880-ஆம் ஆண்டு ஆங்கிலக் கம்பெனி அங்கே பெரிய அளவில் பணி தொடங்கியது. வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைத் தொழிலாளர்கள் சென்று குடியேறினார்கள். 1902-ல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம்வரை சென்றது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேல். அந்த வெம்மையில் தந்தையும் மகனும் பேரனுமாக நம் தமிழ்த் தொழிலாளர் உழைத்தனர். பாறைச் சரிவிலும் பாறைத்தூசு தந்த நுரையீரல் நோயிலும் உயிர் துறந்தோர் பலர். அதே சுரங்கத்தில் 1965-ல் நம் விஞ்ஞானிகள் பிரிட்டன், ஜப்பான் அறிஞர்களுடன் சேர்ந்து நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைக்கும் இயந்திரங்கள் நின்றன; ஆழ்வழிகளில் தண்ணீர் ஏறியது. காற்றோட்டம் நின்றுபோன சுரங்கம் மனிதன் நுழையத் தக்க இடமன்று. அங்கே உயிர்க்காற்று குறைந்திருப்பதைக் கண்ணாலோ மூக்காலோ அறிய முடியாது. மயக்கம் வந்த பின்னரே தெரியும். அப்போது ஏறி வர வலுவிராது. பாழுங்கிணற்றில் இறங்கிய ஒருவரை மீட்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் அடுத்தடுத்து மாண்ட செய்திகளை நாம் நாளேடுகளில் படித்திருக்கிறோம். அதற்குக் காரணமும் இதுவே.

நம் ஊர்க் குட்டைகளின் ஆபத்து

நம் வட்டாரத்துக் குவாரிகள் மேலே திறந்தவை. காற்றுக்குக் குறைவில்லை. இங்கே ஆபத்து நீரிலும் விளிம்பிலும் இருக்கிறது.

ஏரிக்கும் குளத்துக்கும் கரை உண்டு, சரிவு உண்டு. கால் வைத்து ஆழம் பார்க்கலாம். குவாரிக் குட்டைக்கு அப்படிப்பட்ட கரை இல்லை. நின்ற இடத்திலிருந்து ஓரடி வைத்தால் பல ஆள் ஆழம். வெட்டிய பாறைச் சுவரில் பாசி படர்ந்திருப்பதால், நீந்தத் தெரிந்தவனுக்கும் பிடித்து ஏற இடம் கிடைப்பதில்லை. நீரின் மேற்பரப்பு வெதுவெதுப்பாக இருக்கும், கீழே குளிர்ந்திருக்கும். வெட்டி எறிந்த கற்களும் கைவிட்ட இரும்புக் கம்பிகளும் அடியில் எங்கே கிடக்கின்றன என்பது எவருக்கும் தெரியாது. மேலே நிற்பவனுக்கும் பாதுகாப்பில்லை. ஆண்டுக்கணக்கில் வெடி வைத்த பாறையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும். மழைக்குப் பிறகு விளிம்பு சரியும். கைப்பேசியை உயர்த்திப் பிடித்துத் தன்னையே படமெடுப்பவன் பின்னால் அடியெடுத்து வைக்கிறான். அவன் கண் திரையில் இருக்கிறது. கால் விளிம்பில் இருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களுள் பத்தில் நால்வருக்கு மேல் 15 வயது நிரம்பாதவர்கள். பள்ளி விடுமுறையிலும் பெருநாள் மறுநாளிலும் நண்பர்களோடு புறப்படும் பிள்ளையை எண்ணி இந்தக் கணக்கைப் படியுங்கள்.

இவ்வளவுக்கும் சட்டம் இல்லாமலில்லை. திறந்தவெளிச் சுரங்கத்தின் பக்கங்களைப் படிபடியாக வெட்ட வேண்டும்; விளிம்பைச் சுற்றி வேலி அமைக்க வேண்டும் என்று நாட்டின் சுரங்க விதிமுறைகள் கூறுகின்றன. ஏட்டில் உள்ள வேலி நிலத்தில் இல்லாததே துயரம்.

இந்தக் குழிகளைப் பயனற்றவை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2017-ஆம் ஆண்டு சென்னை நகரின் குடிநீர் ஏரிகள் வறண்டபோது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தின் 22 கைவிடப்பட்ட குவாரிகளிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் தண்ணீர் எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகருக்கு வழங்கினார்கள். 2019-ன் கடும் வறட்சியிலும் குவாரி நீர் கைகொடுத்தது. காவலும் கவனிப்பும் இருந்தால் குழி நீர்த்தேக்கமாகிறது. அவை இல்லாவிடின் அதே குழி பிள்ளைகளைப் பலி கொள்கிறது.

மார்க்கம் காட்டும் வழி

குழி தோண்டியவனின் பொறுப்பைப் பற்றி நம் மார்க்கச் சட்ட மேதைகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விரிவாக ஆராய்ந்துள்ளனர். தன் சொந்த நிலத்தில் கிணறு தோண்டுவதற்கும், மக்கள் நடமாடும் பொது வழியில் அனுமதியின்றித் தோண்டுவதற்கும் அவர்கள் வேறுபாடு கண்டார்கள். பொது வழியில் அவ்வாறு தோண்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால், தோண்டியவர் அந்த உயிருக்குப் பொறுப்பாளியாவார் என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் சட்டம். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையே ஈமானின் ஒரு கிளையாக எண்ணும் சமுதாயம், ஊரருகே வாய் பிளந்து கிடக்கும் குழியைக் கண்டும் காணாமல் போகலாமா?

கைவிடப்பட்ட இடங்களைப் பார்க்கும் ஒழுக்கத்தையும் நம் மார்க்கம் கற்பித்துள்ளது. மலைகளைக் குடைந்து வீடமைத்த ஸமூது கூட்டத்தாரைப் பற்றித் திருமறை பல இடங்களில் பேசுகிறது. தபூக் பயணத்தின்போது அவர்கள் வாழ்ந்த ஹிஜ்ர் பகுதியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடக்க நேர்ந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டு தங்காமல், படிப்பினை பெற்று அழுதவாறே கடந்து செல்லுமாறு தம் தோழர்களுக்கு அவர்கள் கட்டளையிட்டதும், அங்கிருந்த கிணறுகளின் நீரைப் பருக வேண்டாமெனத் தடுத்ததும் ஹதீஸ் நூல்களில் காணப்படுகின்றன. ஸமூதின் வரலாறு வேறு, நம் குவாரியின் கதை வேறு என்பது உண்மையே. ஆயினும், மனிதன் குடைந்துவிட்டுப் போன இடத்தின் முன் எந்த மனநிலையில் நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டல் வேண்டுமா?

நாம் செய்யத் தக்கவை

பெற்றோரே! பிள்ளையிடம் “அங்கே போகாதே” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஏன் போகக் கூடாது என்பதை விளக்குங்கள். கரையில்லாத நீர், பாசி படர்ந்த சுவர், விரிசல் விட்ட விளிம்பு ஆகிய மூன்றையும் எடுத்துச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். படமெடுக்க விரும்பும் இளைஞன் பெரியவர் துணையோடு, பகல் வெளிச்சத்தில், அனுமதி பெற்று, விளிம்பிலிருந்து விலகி நிலையாக நின்று எடுக்கட்டும். நீரில் இறங்குவதில்லை, நடந்துகொண்டே எடுப்பதில்லை என்ற இரண்டு கட்டுப்பாடுகளில் தளர்வு கூடாது.

தாய்மார்களும் ஒன்றை அறிந்து வைத்திருக்க வேண்டும். ஒருவர் நீரில் தத்தளிக்கும்போது பாய்ந்து இறங்குவது அவரோடு நம்மையும் அழிக்கும். கையில் உள்ள துப்பட்டியையோ கைலியையோ கயிற்றையோ வீசிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். காலியான பிளாஸ்டிக் குடத்தை எறிந்தாலும் அதைப் பற்றிக்கொண்டு மிதப்பார். கரையேற்றியவருக்கு மூச்சு இல்லையெனில் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதுவதையும், மார்பை அழுத்துவதையும் தாமதிக்கக் கூடாது. உடனே 108 எண்ணை அழைக்க வேண்டும். இவற்றை முறையாகக் கற்பிக்கும் ஒரு வகுப்பை ஒவ்வொரு மஹல்லாவிலும் விடுமுறை தொடங்கும் முன் நடத்தினால் எத்தனையோ உயிர் தப்பும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். படமெடுக்கும் ஆர்வமுள்ள இளைஞர்களை அழைத்து அந்த ஆர்வத்துக்கு ஒரு பணி கொடுங்கள். ஊரைச் சுற்றியுள்ள கைவிடப்பட்ட குழிகள் எத்தனை, எதற்கு வேலி உண்டு, எதற்கு இல்லை, எந்த வேலி எங்கே அறுந்திருக்கிறது, பள்ளிக்கூடப் பாதையிலிருந்து எத்தனை அடி தூரம் என்பவற்றைத் தூரத்தில் நின்று படமெடுத்து, தேதியும் இடமும் குறித்துத் தொகுக்கட்டும். அந்தத் தொகுப்பைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கூடும் கிராம சபையில் வையுங்கள். வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும் என்று தீர்மானம் கோருங்கள். குழியில் விழும் பிள்ளைக்குச் சாதி, சமய வேறுபாடு இல்லையாதலால், ஊரின் எல்லாச் சமூகத்துப் பெரியவர்களும் சேர்ந்து இதைச் செய்வதே சிறப்பு. வாயால் சொல்லும் புகாரை அலுவலகங்கள் மறந்துவிடலாம். தேதியிட்ட படத்தை மறுப்பது கடினம். பாரிஸ் நகரில் வீதி சரிந்த பின்னரே வரைபடம் பிறந்தது. நமக்கு அந்தத் தாமதம் வேண்டாம்.

சேரப்பணஞ்சேரியைச் சூழ்ந்த வட்டாரத்தில் இன்னும் எத்தனையோ கட்டடங்கள் எழும். அவற்றுக்காக இன்னும் பல குன்றுகள் உடையும். வளர்ச்சி வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. பூமியை அல்லாஹ் நம்மிடம் அமானிதமாகத் தந்திருக்கிறான். எடுத்த இடத்தைப் பத்திரப்படுத்திவிட்டுச் செல்வதும் அந்த அமானிதத்தைச் சேர்ந்ததே. இந்த வாரம் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மஹல்லாப் பெரியவர்கள் சில நிமிடம் அமர்ந்து, உங்கள் ஊர் எல்லைக்குள் இருக்கும் குழிகளை எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கிலிருந்து வேலை தொடங்கட்டும். வல்ல நாயன் நம் பிள்ளைகள் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.